ஒரே கட்டையில் இரண்டு பெயர்

விரல் நுனியில் ஊதா மை கடைசிவரை போகாத என் ஜெயம் அக்காவுக்கு,

நீ இங்கே இருந்தால் உன்னை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன். கோபம் தணிந்தபிறகு எழுதலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடியில் நீ போய் ஒரு வருஷம் முடிந்து உன் வருஷாப்திகம் ஆனதும், ஆவணியில் என்னை அத்திம்பேருக்கு, உன் கணவருக்கே, கல்யாணம் செய்துகொடுப்பதென்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சொல்லக்கூட இல்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது ஒரு ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து. அதுவும் நீ செதுக்கிய ஸ்டாம்பு.

இத்தனைக்கும் காரணம் நீதான். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள், ஜுரத்துக்கு நடுவில், "பெட்டியை வைதேகிகிட்ட குடுத்துடும்மா" என்று சொன்னாயாம். நீ சொன்னது அந்தப் பழைய பிஸ்கட் டின்னை. எனக்குத் தெரியும். அத்திம்பேருக்கும் தெரியும். ஆனால் அம்மாவின் சட்டப் புத்தகம் வேறு.

"பெட்டியைக் குடுன்னா என்னடி அர்த்தம்? கட்டினவ தன் பெட்டியை ஒருத்திகிட்ட ஒப்படைச்சா, குடித்தனத்தையே ஒப்படைக்கறான்னு அர்த்தம்."

"அம்மா, அதுக்குள்ள வெறும் ரப்பர்தான் இருக்கு."

"ரப்பரோ ரத்தினமோ. அவ வாயால சொன்னாளாக்கும்."

ஏன் அக்கா, இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? "வாழ்த்து பண்ற பெட்டி" என்று சொல்லியிருந்தால் போதுமே. வருஷா வருஷம் பொங்கலுக்கு எண்பது வாழ்த்து செய்து பாலக்காட்டிலிருந்து கல்கத்தாவரை அனுப்பத் தெரிந்தவளுக்கு, கடைசியில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டியின் லட்சணத்தையும் சொல்லவேண்டும். திறந்தால் நாற்பது கட்டைகள். தீர்ந்துபோன நூல்கண்டுக் கட்டை, உடைந்த கரண்டிப் பிடி, அலமாரியிலிருந்து கழன்ற குமிழ், எல்லாவற்றின் அடியிலும் ஒரு துண்டு ரப்பர். எதன் முதுகிலும் இது என்ன என்று நீ எழுதவில்லை. கரும்பைத் தேடினால் மாடு வருகிறது. மாட்டைத் தேடினால் பாதிப் பானை. ஒரு கட்டையை மையில் தோய்த்துக் குத்திப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அது வாழை இலையா, கீழ்வீட்டு மாமியின் மூக்கா? பச்சை மை பேடில் சிவப்பைத் தோய்த்து வைத்திருக்கிறாய். மையில் கலக்கிற கிளிசரின் சீசாவின் மூடியைக் காணோம். எல்லாக் கணக்கும் உன் தலைக்குள்ளேயே இருந்தது. தலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பது நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இனி ரகசியம் இல்லை, நான் போட்டு உடைக்கப்போகிறேன். மாட்டுங்காவிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டித் தாராவிக்கு நடப்போம். ஓட்டுக் கொட்டகையில் செருப்புத் தைக்கும் அந்தத் திருநெல்வேலிக்காரரிடம், நறுக்கித் தள்ளிய அடிப்பாகத் துண்டுகளைப் பொறுக்குவோம். நீ ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்ப்பாய், நகத்தால் கீறிப் பார்ப்பாய், மோந்துகூடப் பார்ப்பாய்.

"என்ன தாயி, செருப்பு வாங்க வாரவுக கால நீட்டிக் காட்டுவாக. நீங்க மூக்கையில்லா நீட்டுதீய" என்றார் அவர் ஒருதரம்.

"பொங்கல் வாழ்த்துக்கு அச்சு வெட்டணும்" என்றாய்.

"செருப்புலயா வாழ்த்து? நல்லாருக்கும், போங்க. வாங்குதவுக தலையில வச்சிக்கிடுவாக."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அந்த வருஷத்து வாழ்த்தில் பானைக்குமேல் உதிக்கிற சூரியனை ஒரு குதிகால் துண்டில் வெட்டினாய். அம்மா அந்த வாழ்த்தைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் இட்டாள். நீ சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய்.

அம்மாவின் குடை ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்ததே, அதற்கும் காரணம் நீதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். குடைக்கம்பியின் நடுவே வாய்க்கால்போல் ஒரு குழி ஓடும். அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, நுனியைக் கல்லில் தீட்டி ரப்பரில் ஓட்டினால், ரப்பர் மெல்லிய சுருளாக எழுந்து வரும். எத்தனை நேர்த்தி! யுத்தத்தில் காகிதத்துக்குக் கண்ட்ரோல் வந்தபோதும் நீ நிறுத்தவில்லை. துணிக்கடையில் பீஸுக்கு உள்ளே வைக்கிற அட்டையைக் கேட்டு வாங்கினாய். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அச்சுக் குத்தினாய். பிரித்தால் பானை எழுந்து நிற்கும் வாழ்த்துக்கு மடிப்புக் கணக்குப் போட்டுக்கொடுத்தவர் அத்திம்பேர். நம் மாடிப்படியில் உட்கார்ந்து, சோப்பு உறையில் மடித்து மடித்துப் பார்த்து அளவைக் கண்டுபிடித்தார். அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தொந்தரவே.

பெயர்க் கட்டைக்கு வருகிறேன். வாழ்த்தின் அடியில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஒரு நாற்காலிக் கால் துண்டில் அதை வெட்டினாய். மேலே 'ராமநாதன்', கீழே 'ஜெயலக்ஷ்மி'. இரண்டும் ஒரே ரப்பரில். மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, ரப்பர்மேல் கவிழ்த்து, ஸ்பூனின் முதுகால் தேய்த்து, எழுத்தைத் திருப்பி எடுத்தாய். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஆத்துக்காரர் பேரை வாயாலயே சொல்லப்படாது. நீ என்னடான்னா செதுக்கறே?"

"நான் எங்கேம்மா சொன்னேன்? வெட்டறேன்."

"வெட்டறேன்னு சொல்லாதேடி, கடங்காரி!"

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. நீ அவர் பெயரை ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஐந்து எழுத்தை வெட்ட இரண்டு நாள் எடுத்துக்கொண்டாய். உன் பெயரை அரை மணியில் முடித்துவிட்டாய்.

இந்த வருஷம் நம் வீட்டில் பொங்கல் இல்லை. வாழ்த்து போகவும் இல்லை, வரவும் இல்லை. தபால்காரர் நம் மாடியைத் தாண்டி மேலே போனார். மேலே உன் வீட்டிலும் நிற்காமல் இறங்கினார். சரி, ஒரு வருஷம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வருஷம் முடிந்தபிறகு என்ன என்பதை அம்மாவும் அத்திம்பேரும் பேசி முடித்துவிட்டது எனக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் கூடத்தில் லைப்ரரிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா காப்பி கலந்துகொண்டிருந்தாள். அத்திம்பேர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கையில் பெயர்க் கட்டை, மறு கையில் மை பேடும் ஒரு தாளும். முகத்தில், ஆபீஸில் பைல் காணாமல் போனால் வருகிற கவலை.

"வைதேகி, ஒரு சின்ன சந்தேகம். நோக்குத்தான் தெரியும்."

தாளைக் காட்டினார். 'ராமநாதன்' என்று பத்துத் தரம், வரிசையாக, ரயில்வே ஆபீஸ் ஒழுங்கோடு. ஒவ்வொன்றின் அடியிலும் வெற்றிடம். ஓரிரண்டில் மட்டும் ஏதோ ஈரம் தொட்டமாதிரி ஒரு கறை.

"மேல் வரி ஜோரா விழறது. கீழ் வரி விழமாட்டேங்கறது. மையைக்கூட மாத்திப் பார்த்துட்டேன். என்ன காரணமா இருக்கும்?"

நான் ஒரு அசடு. ஒருத்தர் சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், எனக்கு உடனே வாத்தியார் வேஷம் வந்துவிடும். கட்டையை வாங்கிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். "இது ரெண்டு தனித்தனி ரப்பர், அத்திம்பேர். கீழே ஒட்டியிருக்கறது மெல்லிசு. கனம் பத்தலை. பேடை அது தொடறதே இல்லை, அப்புறம் எப்படி விழும்?" என்று விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் திருப்பிப் பார்த்தேன்.

திரும்பிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மேலே நீ வெட்டிய அவர் பெயர். கீழே, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஸ்டாம்புக் கடையில் செய்து வாங்கிய மொழுமொழுவென்ற எழுத்தில், 'வைதேகி.'

உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அடுத்த பொங்கலுக்கு. முன்கூட்டியே பண்ணி வெச்சுண்டா…"

"அடுத்த பொங்கலுக்கு என் பேர் இங்கே எதுக்கு?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. "அம்மா உங்கிட்ட சொல்லிட்டான்னு நினைச்சேன்" என்றார்.

அம்மா காப்பியோடு வந்தாள். வெட்கப்படுவாள், தடுமாறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டையை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதுக்கு இத்தனை யோசனையா? அடியில ஒரு ட்ராம் டிக்கெட்டை நாலா மடிச்சு வெச்சா உசந்துடறது" என்றாள்.

அக்கா, எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அவள் சொன்னது சரி. டிக்கெட்டை மடித்து வைத்தால் உயரும். மையைத் தொடும். பெயர் விழும். நீயே எத்தனை தரம் அப்படிச் செய்திருக்கிறாய்!

"உசத்தலாம் அம்மா. நான் உசத்தமாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"நான் கல்யாணம் பண்ணிக்கமாட்டேன்."

அப்புறம் என்ன, பாட்டுக் கச்சேரிதான். அவர் எதிரிலேயே அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "தெரிஞ்ச மனுஷர். வெத்தலை கிடையாது, பொடி கிடையாது. ஜாதகத்தைத் தூக்கிண்டு அலைய வேண்டாம். மாடி ஏறினா புக்காம், இறங்கினா பொறந்தாம். இந்தப் பம்பாயில எவளுக்குடி இப்படி அமையும்? இருபத்துமூணு வயசாறது. டைப் அடிச்சுண்டே கிழவியாகப்போறியா?"

அத்திம்பேர் தாளில் இருந்த பத்து ராமநாதன்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது என்று நினைக்காதே. நான் வேலைக்குப் போகவேண்டும் என்று நின்றபோது அம்மாவிடம் எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். ஆனால் நீ போனதிலிருந்து அவரிடம் இரண்டே வாக்கியம்தான் பாக்கி. நான் ரசம் பரிமாறினால், "ஜெயமும் இப்படித்தான் பண்ணுவா." கூட்டு பரிமாறினால், "ஜெயம் இப்படிப் பண்ணமாட்டா." ஆயுள் முழுக்க இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் குடித்தனம் செய்ய என்னால் முடியுமா? நீயே சொல்லு. உன்னால் முடியுமா?

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்றும் எனக்குப் புரிகிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் ஆபீஸில் செய்வது, வருகிற தபாலில் 'ரிசீவ்டு' முத்திரை குத்துவது. முத்திரை விழுந்துவிட்டால் அந்தக் காரியம் நடந்துவிட்டது. மேலே கேள்வி இல்லை. ஆகவே அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"அத்திம்பேர், தபால் வர்றதுக்கு முன்னாலேயே ரிசீவ்டு முத்திரை குத்துவேளா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி? தபால் கைக்கு வந்தாத்தானே குத்தலாம்?"

"நான் இன்னும் வரலையே."

அவர் காது சிவந்துவிட்டது. அம்மா, "பாத்தேளா, படிச்ச திமிரை" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. பிறகு மெல்ல, "நானும் கேட்டிருக்கணும். நேக்குக் கேக்கத் தெரியலை. உங்க அக்காவையும் நான் கேக்கலை. எங்கப்பாதான் வந்து கேட்டார்" என்றார்.

பார், நான் கோபமாக இருக்கும்போது இப்படி ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.

"பழைய பேர் எங்கே?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்போ? போனது போயாச்சு" என்றாள் அம்மா.

அத்திம்பேர் சட்டைப் பையில் கைவிட்டார். இருமல் மாத்திரை வருகிற தட்டையான டின் ஒன்றை எடுத்தார். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் நீ. புது சவர பிளேடு வாங்கி, கட்டையிலிருந்து உன் பெயரை அடியோடு சீவி எடுத்திருக்கிறார். 'ஜெ'யின் ஒரு ஓரம் மட்டும் பிய்ந்திருந்தது.

"தூக்கிப் போடத்தான் நினைச்சேன். முடியலை. ஆபீஸுக்கும் எடுத்துண்டு போயிடறேன்" என்றார், திருடி அகப்பட்டுக்கொண்டவர்போல்.

அம்மா ஆறிப்போன காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சொல்யூஷன் இருக்கா?" என்று கேட்டேன். சைக்கிள் டியூபுக்குப் போடுகிற சொல்யூஷனில்தானே நீ எல்லாவற்றையும் ஒட்டுவாய்? "மாடியில இருக்கு" என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நாற்பது வயதை நெருங்குகிற மனுஷர்!

"ரெண்டும் பைத்தியம்" என்று அம்மா சுவரிடம் சொன்னாள்.

என் பெயரை உரித்தோம். சுலபமாகவே வந்துவிட்டது, சரியாக ஒட்டியிருக்கவே இல்லை. உன் பெயரை வைத்து ஒட்டி, மேலே அரிசி டின்னைப் பாரமாக ஏற்றினோம். மறுநாள் ஆபீஸிலிருந்து நேரே வந்து நின்றார். தானே குத்தத் துணிவில்லை, என்னைக் குத்தச் சொன்னார். குத்தினேன். இரண்டு பெயரும் விழுந்தன. உன்னுடையது கொஞ்சம் கோணலாக, ஓரம் பிய்ந்து. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "போறும்" என்றார். கட்டையை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட வரும்போது இரண்டு வாக்கியங்களும் இல்லை. "இன்னும் கொஞ்சம் ரசம்" என்கிறார், அவ்வளவுதான்.

ஆக அவர் பக்கம் முடிந்தது. அம்மா பக்கம் முடியவில்லை. என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். கீழ்வீட்டு மாமியிடம் எனக்குக் கேட்கும்படி பேசுகிறாள். "சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லித்து. நாலு மாசம் போனா சரியாயிடும். ஆவணியில நாள் பார்த்தாச்சு." நான் என்ன பாஷையில் 'மாட்டேன்' என்று சொன்னால் அவளுக்கு விளங்கும்? தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். என்னுடைய ஒரு வரியையும் யாருக்கும் காட்டாதவள் நான், உனக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்துக்கு உறை போட்டு, உறைக்கு மேல் இன்னொரு உறை போடுகிறவள். ஆனால் நம் அம்மா, வாயால் சொன்னதை 'அப்பறம் பாக்கலாம்' என்பாள். அச்சில் வந்ததை மட்டும் 'போட்டிருக்கானே' என்று நம்புவாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டு, தைல விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறவள். இதையும் படிப்பாள். கீழ்வீட்டு மாமியும் படித்துவிட்டு மூச்சிரைக்க மேலே வருவாள். வரட்டும். மூக்கைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா, இந்த இடத்துக்கு வந்துவிட்டாயா? சுவாமி படத்துப் பக்கத்தில் இருக்கிற சூரியனை எடுத்துவிடாதே. அது செருப்பு ஆவதற்கு முன்பே சூரியன் ஆகிவிட்டது. ஆவணியில் நாள் பார்க்காதே. நான் மாட்டேன். போட்டிருக்கிறது, பார்.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கேட்காமலே முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. பெட்டியை எனக்குக் கொடு என்று சொன்னபோது, நிஜமாகவே நீ ரப்பரை மட்டும்தான் நினைத்தாயா? அம்மா சொல்கிறமாதிரி, அவரையும் சேர்த்து என்னிடம் விட்டுப்போக ஒரு நிமிஷமாவது நினைத்தாயா? அவர் தனியாக இருப்பாரே என்று உனக்குப் பயமாக இருந்ததா? இருந்திருக்கலாம். அப்படியிருந்தால் நான் உன் கடைசி வார்த்தையையே தள்ளிவிட்டவள் ஆகிறேன். எப்படி இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல வைத்தாயே, என் கோபத்தில் முக்கால்வாசி அதுதான்.

பெட்டியை நான் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம். நாற்பது கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து, முதுகில் சீட்டு ஒட்டுகிறேன். இருபத்தாறு ஆகிவிட்டது. மூக்கை மட்டும் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அடுத்த பொங்கலுக்கு இந்த மாடியிலிருந்து எண்பது இல்லாவிட்டாலும் இருபது வாழ்த்தாவது போகும், பானை எழுந்து நிற்கும். மடிப்புக் கணக்கை அத்திம்பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேல்மாடியிலிருந்து வாழ்த்து போகுமா, அதில் எத்தனை பெயர் இருக்கும் என்பது அவர் பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகத் தாராவிக்குப் போனேன். "அக்கா வரலியா தாயி?" என்று கேட்டார் அந்தத் திருநெல்வேலிக்காரர். சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தார். பிறகு அவரே பொறுக்கி, கனமான குதிகால் துண்டு ஒன்றைக் கொடுத்தார். உன் குடைக்கம்பியால் அதில் என் பெயரை மட்டும் வெட்டினேன். கட்டைவிரலில் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டேன்.

கீழே இருப்பது அதுதான். அச்சில் வரும்போது மற்ற எழுத்துக்களைப்போல் சாதாரணமாகத்தான் தெரியும். நான் அனுப்புகிற தாளில் மட்டும் ஊதா மையில் இருக்கிறது, முதல் எழுத்து கொஞ்சம் சாய்ந்து. அடியில் நான் எதையும் மடித்து வைக்கவில்லை. முதல் தரமே விழுந்தது.

உன்மேல் இன்னும் கோபம் தீராத உன் ஒரே தங்கை,

வைதேகி